பயிற்சி முடித்தவர்கள் அதன்பின் என்ன ஆகிறார்கள்?

கேள்வி:
வணக்கம். கல்வி, தொழிற்பயிற்சி ஆகியவற்றின் வழியாகப் பின்தங்கிய குடும்பங்களுக்குத் துணைநிற்கும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றில் கள ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். எழுத்தறிவு, தையல், அடிப்படைக் கணினி ஆகிய வகுப்புகளை நடத்துகிறோம். சேருவதற்கு ஆள் குறைவதில்லை. ஆனால் பாதியில் நின்றுவிடுவோர் பலர், முடித்தவர்களிலும் கற்ற தொழிலைத் தொடர்வோர் சிலரே. நன்கொடையாளர்களோ எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கினோம் என்று மட்டுமே கேட்கிறார்கள். எந்தப் பயிற்சியை நடத்துவது, அதன் பலனை எதைக் கொண்டு அளப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அந்த வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பதைத் தாங்கள் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் தென் கரோலினாவில், எழுத்தறிவு நிபந்தனையைக் காட்டிக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில், ஹைலேண்டர் ஃபோக் ஸ்கூல் என்ற அமைப்பின் துணையுடன் 1957ஆம் ஆண்டு ஜான்ஸ் தீவில் முதியோர் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் அதை நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் அல்லர், அழகுக்கலைஞர். சிறுவர்களுக்கான பாடப் பொருள்களை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களிடமே அவர் கேட்டார். கையெழுத்திட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், படிவங்களை நிரப்ப வேண்டும் என்று அவர்கள் சொன்னவையே பாடங்களாயின. வகுப்பின் பலனைக் காட்டச் சான்றிதழ் தேவைப்படவில்லை. எத்தனை பேர் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

பதில் 2:
முன்னவர் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. எழுத்தறிவுக்கு அது பொருந்தும். தொழிற்பயிற்சியில் மக்கள் பெரும்பாலும் தாங்கள் கண்டு பழகிய தொழிலையே கேட்பார்கள். ஒரே பகுதியில் எல்லோரும் தையல் கற்றுக்கொண்டால் துணி தைக்கக் கொடுப்பவர் யார்? எனவே மக்களைக் கேட்பதோடு, வேலை கொடுப்பவர்களையும் கேட்டறிந்த பின்னரே வகுப்பைத் தொடங்க வேண்டும். பாதியில் நின்றவர்களைப் பொறுத்தவரை, முதலில் வகுப்பு நேரத்தைப் பாருங்கள். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் தொடங்கிய ஓரறைப் பள்ளிகளில், பெற்றோருடன் கலந்து பேசியே நேரத்தை வகுத்தார்கள். ஆசிரியையும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்தான். எங்கள் அனுபவத்தில், முடித்தவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவதைவிட, நின்றவரின் வீட்டுக்குச் சென்று பேசுவதில் பல மடங்கு தெளிவு கிடைக்கிறது. நின்றவர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை எந்தப் படிவமும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பதில் 3:
சான்றிதழைப் பற்றி ஒன்று. ராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தொடங்கப்பட்ட பேர்ஃபுட் காலேஜ் என்ற தொண்டு நிறுவனம் சான்றிதழ் வழங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நடுவயதுப் பெண்களுக்கு, நிறக் குறியீடுகளையும் சைகைகளையும் கொண்டு, சூரிய மின்கருவிகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஆறு மாதங்களில் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். இளைஞர்கள் சான்றிதழ் கிடைத்ததும் வேலை தேடி நகரத்துக்குப் போய்விடுவார்கள், இப்பெண்களோ ஊரிலேயே இருப்பார்கள் என்பது அவர்களின் கணக்கு. மேலும், சூரிய மின்விளக்குப் பெறும் குடும்பங்கள் மாதந்தோறும் கட்டும் தொகையிலிருந்து அப்பெண்ணுக்கு ஊதியம் தர ஊர்க்குழு ஒன்றையும் அமைக்கச் செய்கிறார்கள். வருமானத்துக்கான வழியையும் சேர்த்து வகுக்காத பயிற்சி, பயிற்சியோடு நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தது எங்கள் நிர்வாகக் குழுதான். ஆனால் நன்கொடையாளருக்கு எண்ணிக்கை ஒன்றைத் தந்தாக வேண்டுமே?

பதில் 2:
தாராளமாகத் தாருங்கள். சேர்ந்தவர், முடித்தவர், ஆறு மாதம் கழித்தும் அத்தொழிலில் இருப்பவர், அவர்தம் மாத வருமானம் என நான்கையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். கடைசி இரண்டுக்கும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஒருவருடைய நேரம் செலவாகும். அதற்கான தொகையைத் திட்ட மதிப்பீட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.