டிரில் மாஸ்டரும் படிவம் 19உம்

குழு: அல்சூர் வீடு
ஞாயிறு

அக்கா, காலை 9:12
எல்லோருக்கும் வணக்கம். கர்நாடகச் சட்ட மேலவைக்கு ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு உறுப்பினரை அனுப்பும் ஆசிரியர் தொகுதி இருக்கிறதல்லவா, அதன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 19 கொடுக்க வேண்டுமாம். பக்கத்து நாற்காலி டீச்சர் போன தேர்தலுக்கே கொடுத்தவர், அவரும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். எங்கள் தலைமையாசிரியரோ பணிச் சான்றில் கையெழுத்துக் கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். மூன்று வாரமாக அதே அடுத்த வாரம்.

ஜெயநகர் அத்தை, 9:20
ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியலைப் புதிதாகத்தான் எழுதுவார்கள் அம்மா. நவம்பர் 1 கணக்கு. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டாவது உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேலோ பாடம் நடத்தியிருக்க வேண்டும். விடாதே, வாங்கிவிடு.

அண்ணி, 9:23
அப்படியென்றால் எனக்கு? பதினோரு ஆண்டுகளாக நான்காம் வகுப்பு எடுக்கிறேன்.

ஜெயநகர் அத்தை, 9:24
உனக்கு இல்லை. அரசமைப்புச் சட்டம் 171ஆம் பிரிவிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அண்ணி, 9:26
ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியர். அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாட்டை மண்டையில் ஏற்றியவள் யார், ஆயாவா?

பெரியப்பா, 9:41
கண்ணு, கோபப்படாதே. ஆசிரியர் அறையில் ஆசிரியராகவே எண்ணப்படாத இன்னொரு சாதி உண்டு. டிரில் மாஸ்டர். 31 ஆண்டுகள் நான் அதுதான். மழைக்காலம் வந்தால் கணக்கு டீச்சர் என் பீரியடைக் கடன் கேட்பார். ஒரு நாளும் திருப்பித் தந்ததில்லை.
ஆனால் இதே கர்நாடகத்தில் ஒரு டிரில் மாஸ்டர் மேலவைத் தலைவராகவே உட்கார்ந்தார். பசவராஜ் ஹொரட்டி. 1946இல் பிறந்தவர், ஹுப்பள்ளி லேமிங்டன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். 1980இல் மேற்கு ஆசிரியர் தொகுதியில் வென்று மேலவைக்கு வந்தார். தார்வாட், ஹாவேரி, கதக், உத்தர கன்னடம் என்று நான்கு மாவட்டத்து ஆசிரியர்களின் தொகுதி அது. ஆறு ஆண்டுக்கு ஒரு தேர்தல். 2022 வரை எட்டு முறை நின்றார், எட்டு முறையும் வென்றார்.

வக்கீல் தம்பி, 9:48
எட்டாவது வெற்றிக்கு முன்னால், 2022 மே மாதம், மதச்சார்பற்ற ஜனதா தளத்தை விட்டு பாஜகவுக்குப் போனார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பெரியப்பா.

பெரியப்பா, 9:52
சொல்கிறேன், மறைக்கவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் நம் பெங்களூர் ஆசிரியர் தொகுதிப் புட்டண்ணாவும் ஜனதா தளம், பாஜக, காங்கிரஸ் என்று மூன்று கட்சியிலும் நின்று வென்றவர்தான். இந்தத் தொகுதிகளில் கொடியைப் பார்த்து யாரும் குத்துவதில்லை என்பது என் கணக்கு. நிலுவைச் சம்பளம், பணியிட மாற்றம், ஓய்வூதியம் என்று வாசலில் போய் நின்றபோது கதவைத் திறந்தவர் யார் என்று பார்ப்பார்கள்.

அக்கா, 9:58
ஹொரட்டி என்றதும் நினைவு வருகிறது. 2006இல் கல்வி அமைச்சர் அவர்தானே? நான் அப்போது நான்காம் வகுப்பு. கன்னட வழி என்று அனுமதி வாங்கிவிட்டு ஆங்கில வழியில் நடத்திய பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். மாநிலம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல். எங்கள் பள்ளியும் அந்த ரகம். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பெயர்ப்பலகை முழுக்கக் கன்னடம். பெயிண்ட் காயவில்லை. 'இங்கிலீஷ் மீடியம்' என்ற பழைய எழுத்து அடியிலிருந்து நீலமாக எட்டிப் பார்த்தது. தொட்டுப் பார்த்து விரலெல்லாம் வெள்ளை. அதற்கு அடி வாங்கினேன்.

நான், 10:01
அந்த விரலை என் சட்டையில்தான் துடைத்தாய். எனக்கும் அடி விழுந்தது.

ஜெயநகர் அத்தை, 10:05
அந்த விஷயத்தில் நான் ஹொரட்டி பக்கம். சின்னப் பிள்ளை தாய்மொழியில் படிக்கட்டும் என்பதில் என்ன தவறு? அதோடு, 2007இல் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக வந்ததும் அதே ஆட்சியில்தான். ஆங்கிலமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

வக்கீல் தம்பி, 10:09
நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை அத்தை. பயிற்றுமொழியை அரசு திணிக்க முடியாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேலும், யாருடைய தாய்மொழி? நம் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழா, கன்னடமா?

ஜெயநகர் அத்தை, 10:10
இதற்குப் பதில் நேரில் சொல்கிறேன். தட்டச்சு செய்யக் கை வலிக்கும்.

அண்ணி, 10:16
அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஓட்டு இல்லை, சரி. நிற்பவராவது ஆசிரியராக இருக்க வேண்டுமா?

வக்கீல் தம்பி, 10:22
வேண்டியதில்லை அண்ணி. அதுதான் வேடிக்கை. வழக்கும் நம் ஊர் வழக்கு. தமிழ்நாட்டுக்கு மேலவை இருந்த காலம், 1986இல்தான் ஒழித்தார்கள். 1970இல் சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் வென்றவர் பட்டதாரி அல்லர். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பட்டம் வாக்காளருக்குத்தான், வேட்பாளருக்கு அல்ல. ஆசிரியர் தொகுதிக்கும் இதே கதைதான்.

அண்ணி, 10:24
சாக்பீஸ் தொடாதவர் ஆசிரியர் தொகுதியில் நிற்கலாம். சாக்பீஸ் தூளில் இருமிக்கொண்டிருக்கும் நான் ஓட்டுப் போடக் கூடாது. நன்றாக இருக்கிறது.

பெரியப்பா, 10:30
அதனால்தான் கண்ணு ஹொரட்டியைச் சொன்னேன். கர்நாடக மேலவையில் 75 பேரில் ஏழு இடம்தான் ஆசிரியர் தொகுதிக்கு. அந்த ஏழில் ஒருவர் நிஜமாகவே வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். 2020 டிசம்பரில் மேலவையில் நடந்தது நினைவிருக்கிறதா? துணைத் தலைவரை இருக்கையிலிருந்து இழுத்து இறக்கினார்கள். டிவியில் பார்த்து உன் பெரியம்மா சேனலை மாற்றச் சொன்னாள். இரண்டே மாதத்தில், 2021 பிப்ரவரியில், அந்தச் சபைக்குத் தலைவராக ஹொரட்டி வந்தார். 2018இலும் சில மாதம் தற்காலிகத் தலைவராக இருந்தவர். 2022 டிசம்பரில் பெலகாவிக் கூட்டத்தில் போட்டியே இல்லாமல் மறுபடி தலைவரானார். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவைக் கடைசிப் பீரியடில் மேய்த்தவனுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும்.

வக்கீல் தம்பி, 10:33
ஊதல் கொடுத்தார்களா?

பெரியப்பா, 10:34
மணி கொடுத்திருப்பார்கள். ஊதல்தான் நல்லது.

ஜெயநகர் அத்தை, 10:40
அம்மா, ஓட்டுப் போடும் அன்று ஒன்றை மறக்காதே. அங்கே பொத்தான் கிடையாது, வாக்குச்சீட்டு. பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். அவர்கள் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் மட்டும்.

பெரியப்பா, 10:41
யார் சொல்கிறார்கள் பாருங்கள். 22 ஆண்டுகள் தலைமையாசிரியை. அந்த ஊதாப் பேனாவை வாங்கி, விடைத்தாள் திருத்துவதுபோல் பெரிய டிக் ஒன்று போட்டுவிட்டு வந்தாள். செல்லாத ஓட்டு.

ஜெயநகர் அத்தை, 10:42
அண்ணா, அது உங்களிடம் மட்டும் சொன்னது.

நான், 10:43
சரியான விடைக்கு டிக் போடுவதில் என்ன தவறு?

அக்கா, செவ்வாய் மாலை 5:37
கையெழுத்துக் கிடைத்துவிட்டது! ஆனால் பள்ளி முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். செல்லுமா?

பெரியப்பா, 5:39
உன் அத்தையின் டிக்கைவிட மேல். கொண்டுபோய்க் கொடு.