வெள்ளவத்தைப் பழைய வீடு: விற்க முன் பெயின்ற் அடிக்க வேண்டுமா?

சுபா, கொழும்பு 6:
காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. உறுதிப் பத்திரம் அம்மாவின் பெயரில், காணி ஒன்பதரைப் பேர்ச். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனிய இருக்கிறார். இனி விற்றுவிட்டு எங்களோடு வரச் சம்மதித்துவிட்டார்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, பாத்ரூமுக்குப் புது டைல் போட்டு, முழு வீட்டுக்கும் பெயின்ற் அடித்து, படம் எடுத்துப் போட்டால்தான் விலை வரும் என்கிறார். மேசன் பாஸ் (கொத்தனார்) சொன்ன தொகையைக் கேட்டு அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. உப்புக் காற்றில் யன்னல் கிறில் எல்லாம் துரு. திறக்கும்போது கையில் செதில் செதிலாக வருகிறது. பின்னால் அப்பா பிறகு இறக்கிய சீற் கூரை அறையில் ஒரு மாணவன் வாடகைக்கு இருக்கிறான்.

போன வாரம் ஒரு புரோக்கர் வந்தார். கேற்றின் அகலத்தை அடியால் அளந்தார், ஒழுங்கை முனை வரை நடந்து போய் வந்தார், அவ்வளவுதான். உள்ளே வாருங்கள் என்றதற்கு, தேவையில்லை என்று போய்விட்டார். நாங்கள் எதில் காசைப் போடுவது?

பழைய சர்வேயர்:
பிள்ளை, அந்தப் புரோக்கர் உள்ளே வராமல் போனதிலேயே உமக்குப் பதில் இருக்கிறது. உங்கள் பக்கம் பழைய தனி வீட்டை வாங்குகிறவர்களில் பலர் அதை இடிக்கத்தான் வாங்குகிறார்கள். லொறி திரும்புமா, எத்தனை மாடிக்கு அனுமதி கிடைக்கும், இதுதான் அவர்கள் கணக்கு. இடிக்கப்போகிற பாத்ரூமுக்கு டைல் எதற்கு?

முதலில் காணியை அளந்து புதுப் பிளான் எடும். பழைய பிளானில் ஒன்பதரை என்று இருந்தால் இன்றைக்கும் அது ஒன்பதரை என்று நினைக்கக் கூடாது. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பக்கத்து வீட்டார் அறுபதடி மதிலை ஓரடி உள்ளே தள்ளிக் கட்டியிருந்தால் கால் பேர்ச்சுக்குக் கிட்டப் போய்விடும். வெள்ளவத்தை விலையில் அது உங்கள் பெயின்ற் செலவையும் பாஸ் கூலியையும் விழுங்கிவிடும். முற்பணம் வாங்கிய பிறகு இது வெளியே வந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், நீங்களும் குறைப்பீர்கள்.

அப்புறம் மாநகர சபையில் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழ். வீதி அகலிப்புக் கோடு உங்கள் மதிலுக்கு உள்ளே விழுந்தால், அந்தத் துண்டில் கட்ட முடியாது. வாங்குகிறவரின் லோயர் எப்படியும் எடுப்பார். அதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது. சோலை வரி, அதாவது வீட்டுக்குச் சபை அறவிடும் வரி, நிலுவை இருந்தால் கட்டுங்கள். சபைப் புத்தகத்தில் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயர் கிடந்தாலும் மாற்றுங்கள்.

பின் அறை, சபை அனுமதித்த கட்டடப் பிளானில் இருக்கிறதா? குடியிருக்க வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுத்தால் வங்கி அதைக் கேட்கும். பிளானில் இல்லையென்றால் வாங்க வருகிறவரிடம் நீர் முதலிலேயே சொல்லிவிடும்.

சுபா, கொழும்பு 6:
நன்றி ஐயா. இன்னொன்று. பிறகு பங்கு பிரிக்கச் சுகம் என்று, அம்மா முதலில் எங்கள் இருவர் பெயருக்கும் நன்கொடையாக எழுதட்டும், பிறகு நாங்கள் விற்போம் என்றும் அண்ணா சொல்கிறார்.

தெஹிவளை மாமி:
வேண்டாம்! கணக்காளராக வேலை பார்த்தவள் சொல்கிறேன். இலங்கையில் வதிகிற ஒருவர் தன் பிரதான வீட்டை விற்றால், அதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்திருந்தால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்று வரும் இலாபத்துக்கான வரி, இல்லை. அம்மாவுக்கு அது பொருந்தும். ரொறன்ரோக்காரருக்கும் உமக்கும் பொருந்தாது. நன்கொடை உறுதிக்கு முத்திரை வரி வேறு. அம்மா விற்கட்டும், காசைப் பிறகு பிரியுங்கள். பின் அறை வாடகையை மட்டும் வரி பார்க்கிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விற்பனை உறுதியின் முத்திரை வரி வாங்குகிறவருடையது: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோமா என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவி:
பெயின்ற் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. முன் மதிலுக்கும் கேற்றுக்கும் மட்டும் அடியுங்கள், போதும். ஈரம் பிடித்த சுவருக்கு மேலே அடித்தால் புது மணமே காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாணவனிடம் இன்றைக்கே பேசுங்கள். ஆள் இருக்கும் அறையோடு முற்பணம் தர யோசிப்பார்கள்.

சுபா, கொழும்பு 6:
இதையெல்லாம் அப்படியே அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். மாமி சொன்னதைப் படித்துவிட்டு 'சரி' என்று ஒரு சொல் மட்டும் வந்தது. பாஸிடம் டைல் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சர்வேயரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய சர்வேயர்:
உறுதியின் பிரதி, பழைய பிளானின் பிரதி. மூலத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். அளக்க வரும் நாளைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையும்.