காதுக்குள் கல் புரண்டால் வரும் தலைச்சுற்றல்: உங்களுக்கு வந்தபோது என்ன நடந்தது?

மாடிவீட்டுக்காரி

வந்தவர்களுக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலை. கரண்ட் இல்லை. வலது பக்கம் புரண்டேன். ஓடாத சீலிங் ஃபேன் கொக்கியோடு கழன்று சுவர்ப் பக்கம் போனது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி புரண்டால் மறுபடி அதே.

பித்தம் தலைக்கேறிவிட்டது என்று மாமியார் இஞ்சிச் சாறு கொடுத்தார். பிரஷர் சரி, சுகர் சரி. ஒரு டாக்டர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார். மூன்று மாதம் அதோடு அலைந்தேன். கடைசியில்தான் காது மூக்கு தொண்டை டாக்டர். கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, அப்படியே மல்லாக்கச் சாய்த்தார். தலை விளிம்புக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் அறையே சுழன்றது. "கண்ணை மூடாதீங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு கண்ணும் அறுந்த பல்லி வால் மாதிரி துடிக்கின்றன. நான் துடிக்க வைக்கவில்லை. உள்காதில் ஒரு பை, அதில் முட்டை ஓட்டில் இருக்கிற அதே கால்சியம் கார்பனேட்டில் பொடிப்பொடியான கற்கள். அவை உதிர்ந்து பக்கத்து அரைவட்டக் குழாயில் விழுந்துவிட்டன என்றார் டாக்டர். கல் நகர்ந்தால் குழாயில் உள்ள நீரும் நகர்கிறது. தலை திரும்புகிறது என்று நரம்பு சொல்ல, மூளை அதை நம்பிக் கண்ணைத் திருப்புகிறது. தலையோ தலையணையில் அசையாமல் கிடக்கிறது!

பிறகு தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, ஒருக்களித்துப் படுக்க வைத்து எழுப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காலருக்கு மூன்று மாதம்.

சாரத்துக்காரன்

நான் பெயிண்டிங் வேலை. மேற்கூரை ஓரம் பிரஷ் போட அண்ணாந்தேன், சுவர் சாய்ந்தது. ஈரச் சுவரை அப்படியே கட்டிப்பிடித்தேன். கன்னம், உள்ளங்கை எல்லாம் பச்சைப் பெயிண்ட். கீழே நின்ற வீட்டுக்காரர், "காலையிலேயே போட்டுட்டியா?" என்றார். வாழ்நாளில் தொட்டதில்லை சார். கல் சரியாகி ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் சரியாகவில்லை.

பேச்சியம்மாள் மகன்

எல்லாரும் கல் கல் என்கிறீர்கள். என் அம்மாவுக்கும் காலையில் தலை சுற்றியது. பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தது நான்தான். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார், அது வாயைத் தாண்டிக் கன்னத்தில் இடித்தது. சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், சிரிப்பு குழறியது. மதியம்தான் ஆஸ்பத்திரி. சிறுமூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கிறது என்றார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எங்களுக்கு அது தாண்டிவிட்டது. மாடிவீட்டுக்காரி அக்கா, நீங்கள் எழுதியதில் தப்பில்லை. ஆனால் படிக்கிறவர்கள் எல்லாத் தலைச்சுற்றலையும் கல் என்று நினைத்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற லேப் வாத்தியார்

எனக்கு வந்தது ஒரே ஒரு முறை, பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தபோது. டாக்டர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன், பட்டன் போயிற்று. அதை விடுங்கள்.

பேச்சியம்மாள் மகன் சொல்வது சரி, ஆனால் பயந்து நடுங்கவும் வேண்டாம். கல் என்றால் தலையை அசைத்தால்தான் சுற்றும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அசையாமல் படுத்தும் விடாமல் சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் இஞ்சி தட்டாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் சுற்றி, காதில் இரைச்சலும் கேட்டால் அது வேறு வியாதி.

கண் துடிப்பதைப் பார்த்து மாடிவீட்டுக்காரி பயந்திருக்கிறார். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற டாக்டருக்கு அதுதான் சோறு போட்டது. காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் ஒரு பக்கம் துடிக்கும், வெந்நீர் விட்டால் மறு பக்கம். அதை வைத்து உள்காதைச் சோதிக்கும் வழி கண்டார். 1914க்கான நோபல் பரிசு அறிவித்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. தலையைத் தொங்கவிடும் சோதனை 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் எழுதியது. கல்லைத் திருப்பி அனுப்பும் வித்தை அமெரிக்காவின் ஜான் எப்லி உடையது. சக டாக்டர்கள் கேலி செய்தார்கள், அவருடைய கட்டுரை வெளிவரவே 1992 ஆயிற்று.

இன்னொன்று. வீடியோ பார்த்து நீங்களே தலையை உருட்டாதீர்கள். ஒரு காதுக்கு மூன்று குழாய், இரண்டு காதுக்கு ஆறு. எந்தக் குழாயில் கல் என்று தெரியாமல் எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? தலைச்சுற்றல் மாத்திரை கல்லை நகர்த்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாரத்துக்காரன்

வாத்தியாரே, வீடியோ பார்த்துத்தான் எனக்குச் சரியாயிற்று. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும்.

ஓய்வுபெற்ற லேப் வாத்தியார்

சாரத்திலிருந்து விழுந்தால் எத்தனை நாள் கூலி தம்பி?

மாடிவீட்டுக்காரி

சண்டை வேண்டாம். பேச்சியம்மாள் மகனுக்கு: தம்பி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? நடக்கிறாரா?

இன்று காலை எனக்கு மறுபடி வந்துவிட்டது. இந்த முறை இடது பக்கம் புரண்டபோது. மாமியார் இஞ்சியோடு நிற்கிறார். அவரையே போனைப் பிடிக்கச் சொல்லி என் கண்ணை எடுக்க வைத்தேன். பார்த்துவிட்டு இஞ்சியைக் கீழே வைத்துவிட்டார்.