ஆப்பிள் டூ ஈ: ஏழாவது ஸ்லாட் கார்டை மெஷின் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது

பழைய_பலகை:
நண்பர்களே, என்னிடம் ஆப்பிள் டூ ஈ என்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, உள்ளே கார்டுகளைச் செருக ஸ்லாட்டுகள் உண்டு. ஆறாவது ஸ்லாட்டில் ஃப்ளாப்பி டிரைவை இயக்கும் டிஸ்க் டூ கண்ட்ரோலர், ஃப்ளாப்பி எல்லாம் நன்றாக ஓடுகிறது. இப்போது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக காம்பாக்ட் ஃப்ளாஷ் போடுகிற ஒரு கார்டை வாங்கி ஏழாவது ஸ்லாட்டில் செருகினேன். பவர் போட்டால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஃப்ளாப்பி டிரைவ்தான் கரகரவென்று சுற்ற ஆரம்பிக்கிறது. பூட் செய்ய மெஷின் ஏழாவது ஸ்லாட்டில் தொடங்கி கீழே இறங்கித்தான் தேடும் என்கிறார்கள், அப்படியானால் முதலில் இந்தக் கார்டுதானே வர வேண்டும்? கார்டில் விளக்கு எரிகிறது. கோளாறு ஸ்லாட்டிலா கார்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே ஒரு வரிக்கு 80 எழுத்து காட்டுகிற 80 காலம் (column) கார்டும் இருக்கிறது, அது ஏதாவது இடைஞ்சல் செய்யுமா?

ஹெக்ஸ்_தாத்தா:
விளக்கை நம்பாதீர்கள், 5 வோல்ட் வருகிறது என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. கார்டில் இருக்கிற ராமை, மன்னிக்கவும், ரோமை மெஷினால் படிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ட்ரோல்-ரீசெட் அடித்து பேசிக்குக்கு வந்து, கால் -151 (CALL -151) என்று கொடுத்தால் நட்சத்திரக் குறி வரும், அதுதான் நினைவகத்தைப் படிக்க உதவும் மானிட்டர் நிரல், அங்கே சி700.சி70எஃப் (ஏழாவது ஸ்லாட் கார்டின் ரோம் முகவரி) என்று அடியுங்கள். 16 பைட் வரும். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க ஆறாவது ஸ்லாட்டின் சி600.சி60எஃப். எண்கள் எல்லாம் ஹெக்ஸில் (16 அடிமான எண்கள்) வரும். டிஸ்க் டூ கார்டு ஏ2 20 ஏ0 00 ஏ2 03 86 3சி என்று தொடங்கும், உங்களுக்கும் அப்படியேதான் வர வேண்டும். பூட் ஆகும்போது மெஷின் பார்ப்பது இதில் ஒன்றுவிட்டு ஒன்று: 20, 00, 03, 3சி.

ஸ்லாட் காலியாக இருந்தாலோ கார்டு சரியாக உட்காரவில்லை என்றாலோ, டேட்டா பஸ்ஸை (பைட்டுகள் போய்வரும் கம்பிகளை) யாரும் பிடித்திருக்க மாட்டார்கள், திரைக்காகப் படித்த பைட்டின் மிச்சம்தான் கிடைக்கும். அதனால் திரும்பத் திரும்பப் படித்தால் எண்கள் மாறலாம். ஒவ்வொரு முறையும் ஒரே எண்கள் வந்தால் ஸ்லாட்டும் உயிரோடு இருக்கிறது, கார்டும் உயிரோடு இருக்கிறது.

80 காலம் கார்டு மூன்றாவது ஸ்லாட்டைத்தான் கெடுக்கும். அதற்கென்றே தனியாக இருக்கிற ஆக்ஸிலரி ஸ்லாட்டில் அது இருந்தால் மூன்றாவது ஸ்லாட் கார்டின் ரோம் மறைந்துபோய் உள்ரோம் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஏழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈய_வாசம்:
அதற்கு முன்னால் கார்டின் பொன்முலாம் விளிம்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், முலாம் மெல்லியது, போனால் திரும்ப வராது. ஆறாவது ஸ்லாட் கார்டின் சிப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ இதுவும் அதே பக்கம் பார்க்க வேண்டும். மதர்போர்டில் ஒரு சிவப்பு எல்ஈடி இருக்கும், அது அணையாமல் எந்தக் கார்டையும் தொடாதீர்கள்.

பழைய_பலகை:
துடைத்தாயிற்று. சி700-இல் ஏ9 20 ஏ9 00 ஏ9 03 ஏ9 00 என்று வருகிறது, எத்தனை முறை படித்தாலும் இதேதான். பேசிக்கில் பிஆர்#7 (ஏழாவது ஸ்லாட் கார்டை ஓட்டச் சொல்லும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன், ஒரு பீப், ஏ= எக்ஸ்= ஒய்= என்று ஒரு வரி, மறுபடி நட்சத்திரம். ஃப்ளாப்பியிலிருந்து பூட் ஆனால் எல்லாம் வழக்கம்போல.

ஹெக்ஸ்_தாத்தா:
அப்படியென்றால் கார்டும் ஸ்லாட்டும் இரண்டும் சரி. எட்டாவது பைட்டைப் பாருங்கள், 3சி இருக்க வேண்டிய இடத்தில் 00. அது ஸ்மார்ட்போர்ட் வகை (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றோடு பேசும் ஆப்பிளின் முறை) கார்டின் அடையாளம். பவர் போட்டதும் திரையின் தலைப்பில் என்ன வருகிறது? "ஆப்பிள் ][" என்று வந்தால் அது பழைய ரோம், அது நான்கு பைட்டையும் பார்த்து 3சி இல்லை என்றதும் அடுத்த ஸ்லாட்டுக்குப் போய்விடும். 1985-இல் வந்த என்ஹான்ஸ்டு ரோம் "ஆப்பிள் //ஈ" என்று எழுதும், முதல் மூன்றை மட்டும் பார்க்கும், உங்கள் கார்டை ஏற்றுக்கொள்ளும்.

பிஆர்#7 விழுவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். கார்டின் ஃபர்ம்வேர் (ரோமில் இருக்கும் நிரல்) உங்கள் மெஷினில் இருக்கும் பழைய 6502-க்கு அல்ல, புதிய 65சி02 ப்ராசஸருக்கு எழுதியதாக இருக்கும். உதாரணமாக 80 என்ற ஆப்கோட் (கட்டளை எண்) 65சி02-இல் தாவச் சொல்லும் கட்டளை, பழைய 6502-இல் அது எதையும் செய்யாமல் அடுத்த பைட்டைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் எங்கோ ஒரு 00-இல் (நிறுத்தச் சொல்லும் கட்டளை) இடித்து, நட்சத்திரக் குறி காட்டும் மானிட்டர் நிரலுக்கு வந்து விழ வேண்டியதுதான். நீங்கள் பார்த்த அந்த ஏ= எக்ஸ்= வரி அதுதான்.

பழைய_பலகை:
தலைப்பு "ஆப்பிள் ][" தான்! அப்ப ப்ராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா?

ஈய_வாசம்:
அதை மட்டும் மாற்றினால் பிஆர்#7 ஓட வாய்ப்பு உண்டு, தானாக பூட் ஆகாது. என்ஹான்ஸ்டு மெஷினாக மாற்றும் முழு கிட் என்றால் நான்கு சிப்: 65சி02, சிடி, ஈஎஃப் என்ற பெயருள்ள இரண்டு ரோம் சிப்புகள், எழுத்து வடிவங்களுக்கான வீடியோ ரோம். வீடியோ ரோம் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும், மவுஸ்டெக்ஸ்ட் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். ஆனால் புது ரோம்களை மட்டும் போட்டு பழைய 6502-ஐ விட்டுவைக்காதீர்கள், அந்த ரோமும் 65சி02 கட்டளைகளையே பயன்படுத்துகிறது.

முக்கியமான ஒன்று. இப்போது புதிதாகக் கிடைக்கிற டபிள்யூ65சி02எஸ் சிப்பை அப்படியே சாக்கெட்டில் அழுத்தாதீர்கள். பழைய சிப்பில் ஒன்றாம் பின் கிரவுண்ட், இதில் அது ஒரு அவுட்புட். ஒன்றாம் பின் சாக்கெட்டைத் தொடாதபடி செய்ய வேண்டும். பழைய ராக்வெல் ஆர்65சி02 கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

டெர்மினல்_தம்பி:
குறுக்கே வருகிறேன். சி700-இல் எண்கள் மாறிக்கொண்டே வருகிறவர்களுக்கு: கார்டை ஐந்தாவது ஸ்லாட்டுக்கு மாற்றி சி500.சி50எஃப் படியுங்கள். அங்கே சரியாக வந்தால் ஏழாவது ஸ்லாட்டின் ஒன்றாம் பின்னில் லாஜிக் ப்ரோப் (சிக்னல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்து, சி700 படிக்கும்போது அது கீழே இறங்குகிறதா பாருங்கள். அதுதான் ஐஓ செலக்ட், அந்த ஸ்லாட்டைத் தேர்ந்தெடுக்கும் சிக்னல். இறங்காவிட்டால் கோளாறு மதர்போர்டில்.

பழைய_பலகை:
கிட் தேட ஆரம்பித்துவிட்டேன். ஃப்ளாஷில் ப்ரோடாஸ் (ஆப்பிள் டூவின் இயங்குதளம்) 2.0.3 போட்டு வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

ஹெக்ஸ்_தாத்தா:
கிட் போட்ட பிறகு ஓடும். அதுவரை அது என்ஹான்ஸ்டு மெஷின் வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். 2016-இல் வந்த ப்ரோடாஸ் 2.4 பழைய 6502-இலும் ஓடுகிறது. இப்போதே அதை எழுதி வையுங்கள். கார்டுக்கு 6502 ஃபர்ம்வேரோ அதற்கான ஜம்பரோ இருக்கிறதா என்று அதோடு வந்த தாளில் பாருங்கள், இருந்தால் கிட் வரும்வரை பிஆர்#7 போட்டு ஓட்டலாம்.