குடைமிளகாய் கொழுந்து வெளுக்கிறது, காயின் அடி கருகுகிறது: பிஹெச் தினமும் 6-க்கு இறக்கியும் ஏறிவிடுகிறது

அழகாபுரம் மாடிவீடு:
வணக்கம். சேலத்தில் மாடி அறையில் எல்இடி விளக்கு போட்டு ஆறு குடைமிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன், எல்லாம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பிய குரோ பேக். முதல் ஒரு மாதம் ஓகோ என்று வந்தது. இப்போது புது இலையில் நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். பிடித்த நாலு காயில் மூன்றின் அடி கருகிவிட்டது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், டிடிஎஸ் பேனா (கரைந்த உப்பை அளப்பது) 900 காட்டுகிறது, பிஹெச், அதாவது அமிலத்தன்மை அளவு, 7.8. எலுமிச்சைச் சாறு விட்டு 6-க்குக் கொண்டுவருவேன், மறுநாள் காலையில் பார்த்தால் அதே தொட்டியில் 7.4. உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), பேனா 1,200 காட்டும் வரை கலக்குகிறேன், கூடவே லிட்டருக்கு 1 கிராம் எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்). இந்த அளவெல்லாம் யூடியூபில் ஒரு கனடாக்காரர் போட்ட அட்டவணையிலிருந்து எடுத்தது. அவர் வளர்ப்பது கஞ்சா என்பது பாதி வீடியோ ஓடிய பிறகுதான் தெரிந்தது, சிரிக்காதீர்கள். செடி செடிதானே என்று பின்பற்றினேன். மஞ்சளைப் பார்த்ததும் எப்சத்தை 2 கிராம் ஆக்கினேன், இன்னும் மோசமாகிவிட்டது. எங்கே தவறு?

சூரமங்கலம் தொட்டிக்காரன்:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அங்கே பெரும்பாலான மாகாணங்களில் 2018 முதல் வீட்டுக்கு நாலு செடி வைக்கச் சட்டமே அனுமதிக்கிறது, அதனால் அறைக்குள் வேர், உரம், பிஹெச் என்று யார் தேடினாலும் அவர்கள் வீடியோதான் முதலில் வந்து நிற்கும். இங்கே அந்தச் செடியை வைத்தால் 1985 போதைப்பொருள் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், குடைமிளகாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி: பையின் அடியில் வடியும் தண்ணீரைப் பிடித்து அளந்தீர்களா? நீங்கள் சொன்ன எண் எல்லாம் தொட்டியில் இருப்பது. வேர் குடிப்பது பைக்குள் இருப்பதை. வழக்கம்போல் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து இன்னும் 100 மில்லி மேலே விட்டு, கீழே வருவதைப் பிடித்துப் பாருங்கள்.

அழகாபுரம் மாடிவீடு:
பார்த்தேன். வடிநீர் பிஹெச் 7.6, பேனா 2,300. இது அதிகமா?

சூரமங்கலம் தொட்டிக்காரன்:
அதிகமாவா! இசி என்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு கூடினால் கூடும். உங்கள் பேனா 500 கணக்குப் பேனா (இசியை 500-ஆல் பெருக்கிக் காட்டுவது) என்றால் 2,300 என்பது இசி 4.6. குடைமிளகாய்க்கு உள்ளே போகும் தண்ணீர் 2 முதல் 2.5 போதும், வடிநீர் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், இரண்டு மடங்கு இருக்கக் கூடாது. வடிய விடாமல் அளந்து அளந்து ஊற்றியிருப்பீர்கள், செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை அப்படியே பையில் விட்டுவைத்திருக்கிறது. அப்புறம் அந்த அட்டவணை எந்தப் பேனாவுக்கு எழுதியது என்றும் பாருங்கள். அங்கே 700 கணக்குப் பேனாவும் உண்டு, ஒரே தண்ணீர் அதில் வேறு எண் காட்டும். இசியில் பேசினால் இந்தக் குழப்பமே இல்லை.

வெள்ளைக்கல் பக்கத்து ஆள்:
தம்பி, உங்கள் 1,200-ல் 900 வெறும் தண்ணீர். அதாவது கால்வாசிதான் நீங்கள் போட்ட தீனி, மீதி பாறை. அதுவும் என்ன பாறை? மாமாங்கம் பக்கம் வெள்ளை வெளேர் என்று தெரியும் கரட்டை வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று எழுதிவைத்தான், ஆனால் அது சுண்ணாம்பே இல்லை, மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறை ஓடும் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மிஞ்சி நிற்கும். அதன் மேல் நீங்கள் எப்சம், அதாவது இன்னும் மெக்னீசியம். அது கூடினால் வேர் கால்சியத்தை எடுப்பது தடைப்படும், காயின் அடி கருகுவது கால்சியம் போய்ச் சேராததால்தான். கனடாக்காரர் பொய் சொல்லவில்லை. அவர்கள் பலரும் ஆர்ஓ தண்ணீர், அதில் ஒன்றுமே இல்லை, அதனால் கால்சியமும் மெக்னீசியமும் தனியாக வாங்கி ஊற்றுகிறார்கள். நம் குழாயில் அது இலவசமாக வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது.

மஞ்சள் வேறு கதை. மெக்னீசியம் குறைந்தால் அடி இலையில் தொடங்கும், கொழுந்தில் தொடங்கினால் இரும்பு. பையில் இரும்பு இருந்தாலும் 7.6-ல் வேருக்கு எட்டாது.

பிஹெச் ஏன் ஏறுகிறது என்றால், தண்ணீரில் பைகார்பனேட் உட்கார்ந்திருக்கிறது. அமிலம் விட்டதும் அது கார்பன் டை ஆக்சைடாக மாறித் தண்ணீரிலேயே நிற்கும், பேனா 6 காட்டும், ராத்திரி அந்த வாயு வெளியேறியதும் எண் ஏறிவிடும். எலுமிச்சையில் இன்னொரு வம்பு, அந்தச் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறுங்கள், கையுறை கண்ணாடி போட்டு, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். விட்டுவிட்டு ராத்திரி காற்று பம்பு ஓடட்டும், காலையில் அளந்து சரிசெய்யுங்கள். பிஹெச் பேனாவை 4 மற்றும் 7 பஃபர் கரைசலில் (பிஹெச் மாறாமல் நிற்கும் கரைசல்) கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்பதை நான் கேட்கவில்லை.

அழகாபுரம் மாடிவீடு:
கேட்காததற்கு நன்றி அண்ணா. வாங்கிய நாளோடு சரி.

ஏற்காடு மழைத்தொட்டி:
எனக்கு நேர் எதிர்க்கதை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் எல்லாமே தலைகீழ். எங்கள் மண்ணே புளிப்பு, காப்பித் தோட்டங்களில் சுண்ணாம்பு தூவித்தான் சரிக்கட்டுகிறோம். நான் மழைநீரில் லெட்டூஸ் வளர்க்கிறேன், அதில் தாங்கிப் பிடிக்கப் பைகார்பனேட் இல்லை, 19:19:19 போட்டபோது நாலு நாளில் 4.8-க்கு விழுந்தது. அந்த உரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் யூரியாவும் அம்மோனியமும், வேர் அம்மோனியத்தை எடுக்கும்போது அமிலத்தை வெளியே விடும். நைட்ரேட் எடுத்தால் மெல்ல ஏறும். நான் எப்சம் போடாவிட்டால்தான் அடி இலை மஞ்சளாகும். சேலத்துக்கும் எங்களுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இன்னொன்று, 19:19:19-ல் கால்சியம் துளிகூடக் கிடையாது, ஆறு செடிக்கும் கால்சியம் எங்கிருந்து வரும் என்று நினைத்தீர்கள்?

வெள்ளைக்கல் பக்கத்து ஆள்:
சரியான கேள்வி. மாநகராட்சி மேட்டூர்த் தண்ணீர் வருகிறதல்லவா, என் வீட்டில் அது 280 காட்டுகிறது. மூன்று பங்கு அது, ஒரு பங்கு போர். அதில் நான் லிட்டருக்கு 0.8 கிராம் கால்சியம் நைட்ரேட், 0.3 கிராம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்), 0.2 கிராம் 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்), நுண்ணூட்டக் கலவை பொட்டலத்தில் போட்டபடி. எப்சம் கிடையாது. முடிவில் இசி 2.2 முதல் 2.4, பிஹெச் 5.8 முதல் 6.2. கால்சியம் நைட்ரேட்டைக் கெட்டியாகக் கரைத்து மற்றதோடு ஒரே குடத்தில் வைத்துவிடாதீர்கள், பால் மாதிரி திரிந்து அடியில் படியும், அது வேருக்கு ஆகாது. தனித்தனிக் குடம், தொட்டித் தண்ணீரில்தான் சந்திக்க வேண்டும்.

பையைக் கழுவ வெறும் போர் தண்ணீர் வேண்டாம். மேட்டூர்த் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட், பிஹெச் 6. பை கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு, வடிநீர் இறங்கும் வரை. கோகோபீட் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும், கால்சியம் போனால்தான் அவற்றைத் தள்ளும். இனி ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்காவது வடிய வேண்டும்.

சூரமங்கலம் தொட்டிக்காரன்:
இரும்பு வாங்கும்போது கவனம். இரும்பைக் கரைந்தபடி பிடித்து வைக்க அதோடு ஒரு பொருள் சேர்ப்பார்கள். கடையில் சாதாரணமாகத் தருவது இடிடிஏ (EDTA), பிஹெச் 6.5 தாண்டினால் பிடியை விட்டுவிடும். பிஹெச் அடங்கும் வரை இடிடிஹெச்ஏ (EDDHA) கேளுங்கள், சிவப்பாகக் கரையும், சட்டையில் பட்டால் போகாது. அறையில் மின்விசிறி ஓடுகிறதா? கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும், காற்று அசையாத அறையில் இலை நீரை விடாது. கருகிய காயைக் கிள்ளி எறியுங்கள், அது தேறாது.

அழகாபுரம் மாடிவீடு:
பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிஹெச் பேனாவை பஃபரில் வைத்தால் 7-க்கு 7.3 காட்டியது, சரிசெய்தேன். கழுவியபோது வடிநீர் காப்பி நிறத்தில் வந்தது, மூன்றாம் நாள் இசி 2.7, பிஹெச் 6.4. பழைய மஞ்சள் இலை அப்படியேதான், மேலே வந்த கொழுந்து நல்ல பச்சை. புதிதாக ஐந்து காய், ஒன்றில் மட்டும் அடியில் சின்னக் கறை. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கால்சியம், மெக்னீசியம் தனித்தனியாகப் பார்த்துத் தருவார்களா என்று திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறேன். மீதி ஒன்றரை கிலோ எப்சம் இருக்கிறது, ஏற்காட்டுக்காரர் யாராவது இறங்கி வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு மழைத்தொட்டி:
சனிக்கிழமை சந்தைக்கு வருகிறேன், கட்டி வையுங்கள்.