டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸை மேடையேற்றும்போது முதல் அங்கத்தை வெட்டலாமா?

அம்பாசமுத்திரத்துக்காரி கேட்கிறார்:

எங்கள் வாசகர் வட்டம் ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்' நாடகத்தைத் தமிழில் சுருக்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மேடையேற்றப் பார்க்கிறது. எழுதும் பொறுப்பு என்னுடையது. குழுவில் பாதிப் பேர் முதல் அங்கமே வேண்டாம் என்கிறார்கள். "ரோமாபுரியில் யாருக்கு அரியணை என்கிற வழக்கு நம் கூட்டத்துக்கு எதற்கு? காட்டில் டைட்டஸின் மகள் லவீனியாவுக்கு நேரும் கொடுமையில் தொடங்கினால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்" என்பது அவர்கள் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தைச் சொல்கிறேன். தளபதி டைட்டஸ் கோத்தியரை வென்று ரோமுக்குத் திரும்புகிறார். 25 ஆண் பிள்ளைகளைப் பெற்று, பெரும்பாலானவர்களைப் போருக்குப் பறிகொடுத்த தகப்பன். செத்த பிள்ளைகளைக் குடும்பக் கல்லறையில் வைக்கும் முன், அவர்கள் ஆவி அடங்க எதிரிகளில் ஒருவனைப் பலியிட வேண்டும் என்று மகன் லூசியஸ் கேட்கிறான். கைதியாக வந்திருக்கும் கோத்திய அரசி டமோராவின் தலைப்பிள்ளை அலார்பஸைத் தூக்கிக் கொடுக்கிறார் டைட்டஸ். அவள் மண்டியிட்டு அழுகிறாள். உன் பிள்ளைகள் உனக்கு எப்படியோ, என் பிள்ளை எனக்கு அப்படி என்கிறாள். டைட்டஸுக்குக் கோபம்கூட வரவில்லை. பொறுத்துக்கொள், செத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடன் இது என்று மரியாதையாகவே சொல்லிவிடுகிறார். பையனை அங்கம் அங்கமாக வெட்டி நெருப்பில் போடுகிறார்கள்.

என்னை நடுங்க வைப்பது அந்த மரியாதைதான். வெறிபிடித்தவன் செய்த கொலை என்றால் ஒதுக்கிவிடலாம். இது பக்தியும் குடும்பப் பாசமும் உள்ள மனிதன் செய்தது. இதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு நல்ல குடும்பமும் அதைக் கருவறுக்க வந்த ஒரு பேய்மகளும்தான். அப்படி ஒரு நாடகத்தை நான் எழுத மாட்டேன்.

ஆனால் முழு அங்கத்தையும் வைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். எதை வைக்கலாம், எதை விடலாம்? இன்னொன்று: கடைசி விருந்தில் டைட்டஸ் தன் மகளையே கொல்கிறாரே, அதை எப்படி எழுதுவது?

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

அரியணை வழக்கை நான்கு வரியில் ஒருவன் சொல்லிவிட்டுப் போகட்டும். டைட்டஸ், அரியணை ஏறி டமோராவை மணக்கும் பேரரசன் சாட்டர்னைனஸ் எல்லாம் சரித்திரத்தில் இல்லாத ஆட்கள்; அந்த அரசியலைச் சுருக்கினால் எந்த உண்மையும் கெட்டுவிடாது. அலார்பஸை மட்டும் தொடாதீர்கள். இரண்டாம் அங்கத்தில் லவீனியா டமோராவின் காலில் விழுந்து கெஞ்சும்போது, டமோரா தன் மற்ற இரு மகன்களைப் பார்த்து என்ன சொல்கிறாள்? உங்கள் அண்ணனைக் காப்பாற்ற நான் அழுத கண்ணீர் வீணாய்ப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். முதல் அங்கத்தைப் பார்க்காதவனுக்கு இந்தப் பேச்சு எப்படி விளங்கும்?

நாடகம் 1594 ஜனவரியில் லண்டன் ரோஸ் அரங்கில் நடந்தது. அதே ஆண்டு அச்சுக்கும் வந்தது. ஈக் கொல்லும் காட்சி மட்டும் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது. அதையும் விடாதீர்கள். தம்பி மார்க்கஸ் ஓர் ஈயைக் கொல்ல, டைட்டஸ் பதறிப்போய், அதற்கும் தாய் தகப்பன் இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார். அலார்பஸின் தாய் காலடியில் கிடந்தபோது தோன்றாத கேள்வி அது. அடுத்த நொடியே, ஈ டமோராவின் காதலன் ஆரோனைப் போலக் கறுப்பாக இருந்தது என்று தம்பி சொன்னதும், கத்தியை வாங்கி அதைக் குத்துகிறார்.

ரத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1955இல் ஸ்டிராட்ஃபோர்டில் பீட்டர் புரூக் இயக்கியபோது, லவீனியாவின் காயங்களுக்குச் சிவப்பு நாடாக்களைத்தான் தொங்கவிட்டார்.

களக்காடு, வில்லிசைக்காரன்:

அக்கா, கோயில் கொடைக்கு வில்லடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கல்லறைதான்.

எங்கள் பாட்டில் அநியாயமாக வெட்டுப்பட்டவர் சும்மா போவதில்லை. வரம் வாங்கித் திரும்பி வருவார், தனக்கென்று நிலையம், அதாவது நிற்க ஓர் இடம், கேட்பார். வெட்டியவன் வம்சமே பயந்து பீடம் போட்டுக் கொடை கொடுக்கும். காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே முத்துப்பட்டன் நிற்கிறான். பிராமணனாகப் பிறந்தவன், தோல் வேலை செய்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவன், மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாகிவிட்ட அவனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. செத்தவனுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. பாட்டும் கொடையும் உள்ளவரை அந்தக் கோபத்துக்கு ஒரு வாய் உண்டு.

ரோமில் அந்த இடம் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். அலார்பஸ் சாம்பலாகிப் போகிறான். லவீனியாவை அவளுக்கு நிச்சயமான, பேரரசனின் தம்பி பேசியானஸ் கூட்டிப்போகும்போது தகப்பனுக்கு வழிமறித்த குற்றத்துக்காக மியூட்டியஸ் வெட்டுப்படுகிறான். பெற்ற பிள்ளை அவன்! அவனைக் கல்லறையில் வைக்கக்கூடத் தகப்பன் மறுக்கிறார். சித்தப்பனும் அண்ணன் தம்பிகளும் மண்டியிட்ட பிறகுதான் விடுகிறார். கடைசியில் டைட்டஸும் லவீனியாவும் உள்ளே போகிறார்கள். டமோராவின் உடலைப் பறவைக்கும் மிருகத்துக்கும் வீசச் சொல்கிறான் லூசியஸ். ஆரோனை நெஞ்சளவு மண்ணில் புதைத்துப் பட்டினி போடச் சொல்கிறான். முதல் காட்சியில் பலி கேட்ட அதே வாய்தான்.

மேடையில் அரண்மனையும் காடும் கட்ட வேண்டாம். நடுவில் ஒரு கல்லறை வாசல் போதும். ஒவ்வொரு சாவுக்கும் அது திறக்கிறதா மூடுகிறதா என்று ஜனங்கள் பார்க்கட்டும்.

பாளையங்கோட்டை, சட்டம் படிக்கும் பெண்:

எனக்கு லவீனியாவைப் பற்றித்தான் பேச்சு. அவளைக் கொல்வதைத் தகப்பனின் அன்பு என்று எழுதிவிடாதீர்கள். பெற்ற மகளைக் கொன்றுவிட்டு மானத்தைக் காத்தேன் என்று நிற்கும் தகப்பன்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தவர்கள்தான் உங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

டமோராவின் மகன்கள் அவளைச் சூறையாடி, கையையும் நாக்கையும் வெட்டிய பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய புத்தகத்தில், தன்னைப் போலவே சூறையாடப்பட்டு நாக்கு அறுபட்ட பிலோமெலாவின் கதை வரும் பக்கத்தை வெட்டுண்ட கைகளாலேயே புரட்டிக் காட்டுகிறாள். கோலை வாயில் கவ்வி மணலில் குற்றவாளிகளின் பெயரை எழுதுகிறாள். டமோராவின் மகன்கள் கழுத்து அறுபடும்போது பாத்திரம் ஏந்தி ரத்தத்தைப் பிடிக்கிறாள். சரியோ தவறோ, அது அவள் முடிவு. ஆனால் விருந்தில் அவளை யாரும் கேட்கவில்லை. முற்காலத்து வெர்ஜினியஸ் மகளைக் கொன்றது சரிதானா என்று டைட்டஸ் பேரரசனிடம் கேட்கிறார். சரிதான், அவமானத்தோடு அவள் உயிர்வாழக் கூடாது என்கிறான் அவன். இரண்டு ஆண்கள் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தக் கேள்வியையும் பதிலையும் ஒரு சொல் விடாமல் வையுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரி:

அண்ணாச்சிக்கும் ஆசிரியருக்கும் நன்றி. தங்கைக்கு மட்டும் ஒரு மறுப்பு. அது அன்பு இல்லை என்று நான் எழுத மாட்டேன். டைட்டஸ் தன்னிடம் இருப்பது அன்புதான் என்று முழுதாக நம்புகிறார்; அலார்பஸை வெட்டக் கொடுத்தபோதும் அப்படித்தான் நம்பினார். குடும்பத்தின் மேல் அவர் வைத்திருக்கும் அந்தப் பாசம்தான் முதலில் அடுத்தவள் பிள்ளையையும், பிறகு தன் மகனையும், கடைசியில் தன் மகளையும் தின்கிறது. அவரை நடிப்புக்காரனாகக் காட்டினால் பார்க்கிற தகப்பன், இது என்னைப் பற்றியது இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் அவர் பேரரசனிடம் கேட்கும்போது லவீனியா இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அதை இன்றே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

ஆரோனின் குழந்தையை யாருமே குறிப்பிடவில்லையே! அத்தனை கொடுமைக்கும் திட்டம் போட்டவன், டமோராவிடம் கறுப்பாகப் பிறந்த தன் பிள்ளையைக் கொல்லச் சொன்னதும் வாளை உருவிக்கொண்டு நிற்கிறான். அதன் உயிருக்காகவே கடைசியில் எல்லா உண்மையையும் லூசியஸிடம் கக்குகிறான். டைட்டஸ் மியூட்டியஸை வெட்டிய காட்சிக்கு எதிரில் இதை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் இருந்தாக வேண்டும். அதற்காகப் பேசியானஸின் பேச்சுகள் முழுவதையும் எடுத்துவிடுகிறேன்.

கல்லறை வாசல் செய்யத் தச்சர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். வாசல் திறக்கும்போதெல்லாம் உடுக்கை ஒலிக்க வேண்டும் என்று ஆசை. அண்ணாச்சி, உங்கள் குழுவிலிருந்து ஒருவர் ஒத்திகைக்கு வர முடியுமா? பஸ் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.