அப்டேட்: அந்த நீலக் கல்லு இயற்கையா இல்லையா

போன மாசம் கேட்டிருந்தேன்ல, எக்ஸிபிஷன்ல வாங்குன சாம்பல் பாறை, மேல பளீர்னு நீல கிரிஸ்டல், இது மண்ணுல விளைஞ்சதா யாராச்சும் வளத்ததான்னு. வளத்ததுதான் மக்களே.

ஒரு துணுக்க உடைச்சு பழைய பாட்டில் மூடில தண்ணி விட்டுப் போட்டேன், கரைஞ்சு நீலமாயிடுச்சு, அதுல இரும்பு ஆணிய வெச்சா மேல செம்பு படிஞ்சிடுச்சு, ஆக இது காப்பர் சல்ஃபேட், நம்ம மயில்துத்தம், சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைல கிலோ கணக்குல கிடைக்குமே அதேதான்.

ஆனா இத மட்டும் வெச்சு போலின்னு சொல்லிட முடியாது, ஏன்னா இயற்கைலயும் இதே பொருள் கால்கந்தைட்டுங்கற கனிமமா இருக்கு, சிலி நாட்டு சுக்கிகமாட்டா சுரங்கம் மாதிரி வறண்ட இடத்துல, பெரும்பாலும் நார் நாரா இல்லன்னா ஓடு மாதிரி படிஞ்சிருக்கும். இவ்ளோ பெரிய, கூரான கிரிஸ்டல்னாலே டவுட் வரணும். லென்ஸ்ல பாத்தா புதுசா உடைச்ச கல்லு முகத்து மேலயே வளந்திருக்கு, ஓரத்துல பசை, அதுக்குள்ள காத்துக் குமிழி வேற!

தொட்டா ஜில்லுனு இருந்தா ஒரிஜினல்னு சொன்னவங்களுக்கு: அந்த டெஸ்ட்டு பிளாஸ்டிக், ரெசின் பொம்மைய கண்டுபிடிக்க ஓகே, இதுக்கு உதவாது.

வித்தவருக்கு போன் போட்டேன், "கெமிக்கலும் நேச்சர்ல இருந்துதான சார் வருது"ங்கறாரு. என்னத்த சொல்ல.

மீன் தொட்டில போடலாமான்னு கேட்ட தம்பி, வேணவே வேணாம், காப்பர் மீனுக்கு விஷம், இறால் நத்தையெல்லாம் மொதல்ல காலி.